பிளாஸ்க் அடியில் ஒரு பொட்டு ஈயம்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

போன ஐப்பசியில் என் தங்கை மகள் இரண்டு வயதுப் பிள்ளையோடு தேவகோட்டைக்கு வந்திருந்தாள். வந்த அன்றே அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். கையில் பிள்ளையின் இரட்டைச் சுவர் எஃகு டம்ளர். வெந்நீர் ஊற்றினால் மூன்று மணி நேரம் சூடு தாங்கும், வெளியே பிடித்தால் கை சுடாது. "பெரியம்மா, இதுல ஈயம் இருக்காம். எல்லாரும் போன்ல அனுப்புறாங்க. பாப்பாவுக்கு இதுல பால் குடுக்கலாமா, வேணாமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கண் அடுப்புக்குப் போனது. எங்கள் அப்பத்தா வைத்துப்போன ஈயச் சொம்பில் ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. "அப்ப இதுவும் விஷந்தானே? இத்தனை வருஷமா இதையா குடிச்சோம்?"

பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தியிருக்கிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. டம்ளரைப் பற்றிய பயமும் சொம்பைப் பற்றிய பயமும் ஒரே சொல்லில் சிக்கிக் கிடந்தன. முதலில் அந்தச் சிக்கை எடுக்க வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு உலோகம்

நாம் "ஈயம்" என்று பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு உலோகங்களை. ஒன்று வெள்ளீயம், ரசச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உள்பூச்சும் இதுதான். இன்னொன்று காரீயம், வண்டி பேட்டரியிலும், மீன்பிடி வலையின் குண்டிலும் இருப்பது. காரீயம் நஞ்சு. வெள்ளீயம் வயிற்றுக்குள் போனாலும் உடம்பு அதை ஏறக்குறைய அப்படியே வெளியே தள்ளிவிடும்.

இரண்டும் மிருதுவானவை, இரண்டும் லேசான சூட்டிலேயே உருகுபவை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-ல். அதனால்தான் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது, முதலில் ரசத்தை ஊற்று என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் இல்லாவிட்டால் சொம்பு கண்ணெதிரே உருகி அடுப்பில் வழியும்.

செய்திகளில் டம்ளரோடு சேர்த்துப் பேசப்படுவது காரீயம். இந்தக் கட்டுரையில் இனி காரீயம் என்றே எழுதுகிறேன்.

டம்ளர் சூட்டை எப்படிக் காக்கிறது

கல்யாண வீட்டில் கிணற்றடியிலிருந்து கோட்டை அடுப்புவரை ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவார்கள். நடுவில் நிற்கும் பத்துப் பேரை விலக்கிவிட்டால் வாளி அங்கேயே நின்றுவிடும். சூடும் அப்படித்தான் நகர்கிறது. சூடான துகள் பக்கத்துத் துகளைத் தட்டும், அது அடுத்ததைத் தட்டும். நடுவில் துகளே இல்லாமல் செய்துவிட்டால் சூடு கடக்க ஆள் இல்லை.

இரட்டைச் சுவர் டம்ளரில் செய்திருப்பது இதுதான். உள்ளே ஒரு எஃகுக் குவளை, வெளியே இன்னொரு எஃகுக் குவளை. இரண்டும் வாய் விளிம்பில் மட்டும் ஒட்டியிருக்கும். இடையில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். காற்றுகூட இல்லாத அந்த இடைவெளிக்கு வெற்றிடம் என்று பெயர். 1892-ல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி மிகக் குளிர்ந்த வாயுக்களைச் சேமிக்கக் கண்ணாடியில் செய்த குடுவையின் வாரிசுதான் இன்று நாம் பயணத்தில் காபி கொண்டுபோகும் பிளாஸ்க்.

இனிதான் விஷயமே. காற்றை வெளியே எடுக்க ஒரு ஓட்டை வேண்டும். எடுத்து முடித்ததும் அந்த ஓட்டையை, திரும்ப ஒரு துளிக் காற்றும் புகாதபடி அடைக்கவும் வேண்டும்.

அந்தப் பொட்டு எதற்கு

வெளிக் குவளையின் அடியில் ஒரு சிறு குழி, குழியின் நடுவில் ஊசித் துளை. குவளையைக் கவிழ்த்து, அந்தக் குழியில் மிளகளவு உருண்டை ஒன்றை வைத்து, காற்றை உறிஞ்சும் உலைக்குள் அனுப்புவார்கள். உலை காற்றை இழுக்கும்போது சுவர்களுக்கு இடையே இருப்பதும் துளை வழியே வெளியேறிவிடும். பிறகு சூடு ஏறும். உருண்டை இளகித் துளையை மூடும். ஆறியதும் கல் போல் இறுகிவிடும். பாத்திரம் ஒழுகினால் ஈயப்பற்று வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை.

இந்த உருண்டை, அடைப்புக்கென்றே செய்த ஒருவகைக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி இளக மிகுந்த சூடு வேண்டும். காரீயம் கலந்தால் குறைந்த சூட்டிலேயே இளகி, எஃகோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். பல தயாரிப்பாளர்கள் காரீயம் கலந்த உருண்டையை எடுத்ததற்கு இதுதான் காரணம். 2024 ஜனவரியில் இது பெரிய பேச்சானபோது, அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனமும் தங்கள் டம்ளரின் அடி அடைப்பில் கொஞ்சம் காரீயம் உண்டு, அதன்மேல் எஃகுத் தட்டு மூடியிருக்கிறது, குடிப்பது எதுவும் அதைத் தொடுவதில்லை என்று விளக்கம் கொடுத்தது. காரீயமே இல்லாத அடைப்புப் பொருளும் உண்டு. அதற்கு மாறிவிட்ட நிறுவனங்களும் உண்டு.

பால் தொடுவது உள் குவளையை மட்டும். அதற்கு வெளியே வெற்றிடம், அதற்கும் வெளியே இன்னொரு எஃகுச் சுவர், அந்தச் சுவரின் அடியில்தான் பொட்டு, பொட்டின்மேல் ஒரு தட்டு. பாலுக்கும் பொட்டுக்கும் நடுவே இரண்டு சுவர் நிற்கிறது.

இருப்பது வேறு, உள்ளே போவது வேறு

அரளி விதை ஆளைக் கொல்லும், நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ஆனால் அரளிப்பூ மாலை கட்டாத கோயில் உண்டா? தினமும் விடியற்காலையில் பெண்கள் மடி நிறையப் பூவை வைத்துத் தொடுக்கிறார்கள், கையைக் கழுவிவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கிறார்கள். செடியில் நஞ்சு இருப்பது உண்மை. அது வாய்க்குள் போகும் வழி திறக்கவில்லை என்பதும் உண்மை.

நஞ்சு ஒன்று உடம்புக்குள் போகும் வாய்ப்பு ஏற்படுவதை நிபுணர்கள் வெளிப்பாடு என்கிறார்கள். காரீயத்துக்கு அந்த வழி இரண்டுதான்: வாய், மூச்சு. விழுங்க வேண்டும், அல்லது தூசியாகவோ புகையாகவோ இழுக்க வேண்டும். உலோகக் காரீயம் தோல் வழியே உடம்பில் ஏறுவது மிக மிகக் குறைவு. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம்தான், கிலோக் கணக்கில். மூடிய பெட்டிக்குள் அது இருக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காய்கறி நறுக்கினாலும் ஒன்றும் ஆகாது. அதையே உடைத்து வெட்டவெளியில் உருக்கினால் தெருவில் விளையாடும் பிள்ளைகளின் ரத்தம்வரை போய்விடும்.

சுருக்கமாக: அடியில் உள்ள பொட்டில் காரீயம் இருக்கலாம். தட்டு ஒழுங்காக இருக்கும்வரை அது உங்கள் வாய்க்கு வர வழி இல்லை.

வழி திறந்தால் என்ன ஆகும்

இதைச் சொல்லாமல் விட்டால், ஏதோ அற்ப விஷயத்துக்கு ஊர் கூச்சல் போடுகிறது என்று நினைத்துவிடுவீர்கள். காரீயம் அற்ப விஷயம் இல்லை.

பழைய செட்டிநாட்டு வீட்டுக் கதவுகளுக்கு ஒரு முழம் நீளத்தில் சாவி இருக்கும். அதே அச்சில் ஒரு கள்ளச் சாவி செய்து நுழைத்தால் உள்ளே போகும், திறக்காது. பூட்டில் மாட்டிக்கொண்டு நல்ல சாவியையும் நுழைய விடாது. உடம்பில் காரீயம் அந்தக் கள்ளச் சாவி. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போகும் பூட்டுகளில் எல்லாம் இது போய் உட்கார்ந்துகொள்ளும். நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்குக் கால்சியம் வேண்டும்; அந்தப் பேச்சைக் காரீயம் கெடுக்கும். எலும்புக்குள்ளும் கால்சியத்தின் இடத்தில் குடியேறிவிடும். ரத்தத்தில் உள்ள காரீயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். எலும்பில் இருப்பதற்குப் பத்து, இருபது வருடம் ஆகும். கர்ப்பிணியின் எலும்பு பிள்ளைக்காகக் கால்சியத்தை விடுவிக்கும்போது, என்றோ தங்கிய காரீயமும் சேர்ந்து ரத்தத்துக்கு வரும்.

பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் உடம்பில் சேரும். சிறு பிள்ளைகளுக்குப் பாதிவரை சேர்ந்துவிடும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது: கவனம் சிதறும், படிப்பு ஏறாது. காய்ச்சல், வாந்தி மாதிரி வெளியே காட்டிக்கொடுக்கும் அறிகுறி பெரும்பாலும் இருக்காது. இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு, 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் அந்த அளவிலோ அதற்கு மேலோ இருக்கிறார்கள் என்று 2020-ல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. நான் பாடம் நடத்திய வகுப்புகளில் அப்படி எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களோ என்று அதைப் படித்த நாளில் நினைத்துக்கொண்டேன்.

டம்ளர் எப்போது ஆபத்து

என் கையில் நடந்ததையே சொல்கிறேன். ஆறு வருடம் பள்ளிக்கு எடுத்துப்போன பிளாஸ்க் ஒருநாள் பேருந்துப் படியில் விழுந்தது. வாயும் மூடியும் நன்றாக இருந்ததால் பைக்குள் போட்டுக்கொண்டேன். மறுநாள் காபி ஊற்றியதும் வெளிச்சுவர் கையைச் சுட்டது. அரை மணியில் காபி ஆறிப்போனது. கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டு இல்லை. தட்டு இருந்த இடத்தில் ஒரு குழியும், குழி நடுவே சாம்பல் நிறத்தில் மழுங்கிய ஒரு பொட்டும், அதில் மயிரிழை போல ஒரு விரிசலும்.

நான் அதில் குடித்த காபியில் காரீயம் கலந்திருக்காது. பொட்டு அப்போதும் வெளிச்சுவரில்தான், காபி உள்சுவருக்குள்தான். ஆனால் பொட்டைத் தொட்ட விரல் சோற்றில் படலாம், மேசையில் தேயலாம். எல்லாவற்றையும் கவிழ்த்து அடியை நக்கிப் பார்க்கும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், அரளி விதையைத் தரையில் போட்டு வைத்ததற்குச் சமம். 2022 நவம்பரில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான எஃகு பாட்டில், குவளைகள் சுமார் 10,500 திரும்பப் பெறப்பட்டது இதே காரணத்தால்தான்: அடிப்பாகம் கழன்று காரீயப் பொட்டு வெளியே தெரிந்தது. பெரியவர் டம்ளருக்கு ஒரு நியாயம், பிள்ளை டம்ளருக்கு வேறு நியாயம் என்று நான் சொல்வது இதனால்தான். பிள்ளைகளுக்கு வாங்கும்போது அடைப்பில் காரீயம் இல்லை என்று தெளிவாக அறிவித்ததை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண ஒற்றைச் சுவர் எவர்சில்வர் டம்ளர் போதும். அதில் அடைப்பும் கிடையாது, பொட்டும் கிடையாது.

கடையில் "304 எஃகு" என்ற முத்திரையைக் காட்டி, இதில் ஈயமே இல்லை என்பார்கள். 304 என்பது எஃகில் குரோமியமும் நிக்கலும் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண். அடியில் வைத்த உருண்டையைப் பற்றி அது வாயே திறக்காது.

வீட்டில் இருப்பதை மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அடித்தட்டு ஆடுகிறதா, விளிம்பில் இடைவெளி விட்டிருக்கிறதா, வெளிச்சுவர் புதிதாகச் சுடுகிறதா? ஆம் என்றால் அந்த டம்ளரைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பசை வைத்து ஒட்டி மறுபடி பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். அடுப்பில் நேரடியாக வைக்கவே கூடாது.

சோதனை செய்து காட்டுகிறார்களே?

போனில் சுற்றும் காணொளிகளில் தட்டை நெம்பி எடுத்துவிட்டு, பொட்டின்மேல் ஒரு சோதனைக் குச்சியைத் தேய்த்துச் சிவப்பாக மாறுவதைக் காட்டுகிறார்கள். அல்லது எக்ஸ் கதிர்க் கருவியை வைத்து எண்ணைக் காட்டுகிறார்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது "இங்கே இருக்கிறதா" என்ற கேள்விக்கான பதில். நமக்கு வேண்டியது "இங்கிருந்து என் பாலுக்குள் வருகிறதா" என்பதற்கான பதில். அதற்குக் கசிவுச் சோதனை என்று வேறு முறை உண்டு: பாத்திரத்துக்குள் புளிப்பான திரவத்தை ஊற்றிவைத்து, பிறகு அந்தத் திரவத்தில் என்ன இறங்கியிருக்கிறது என்று ஆய்வகத்தில் அளப்பார்கள். வீட்டில் தட்டை நெம்பிச் சோதிப்பவர்கள், இருந்த ஒரே காவலையும் தங்கள் கையாலேயே உடைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுப்படியில் உண்மையாகவே பார்க்க வேண்டியவை

டம்ளரின் அடியைப் பார்த்துப் பயந்த தங்கை மகளிடம், திரும்பி அடுப்படியைப் பார் என்றேன். உணவு நேரடியாகத் தொடும் இடத்தில் காரீயம் இருந்தால் ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட இடங்கள் நம் ஊர் வீடுகளில் உண்டு.

முதலாவது இண்டாலியம். வடைச்சட்டி, குண்டான், குக்கர் என்று மலிவாகக் கிடைக்கும் அலுமினியக் கலவைப் பாத்திரங்களில் சில, பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்தவை. அந்தக் கழிவில் என்னென்ன கலந்திருந்ததோ அவ்வளவும் பாத்திரத்தில் இருக்கும். புளிக்குழம்பு கொதிக்கும்போது அது குழம்பில் இறங்கும். இந்த வகைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசியக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-ல் இண்டாலியத்தின் பெயரைச் சொல்லியே எச்சரித்தது. டம்ளர் அடியில் பொட்டுக்கும் பாலுக்கும் நடுவே இரண்டு சுவர். இங்கே நடுவில் எதுவும் இல்லை, புளிதான் இருக்கிறது.

அடுத்தது, சீர் சாமானாக வந்து அறை நிறைய அடுக்கியிருக்கும் மங்குச் சாமான்கள். சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் கப்பலில் வந்த எனாமல் தூக்குகள், தட்டுகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் ஆசையோடு வாங்கிப்போகிறார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்தக் காலப் பூச்சு நிறங்களில், அதிலும் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சில், காரீயமோ, காட்மியம் என்ற இன்னொரு நஞ்சு உலோகமோ இருக்க வாய்ப்பு உண்டு. அலமாரியில் வையுங்கள். ஊறுகாயும் மோரும் ஊற்றாதீர்கள். பூச்சு பெயர்ந்ததில் எதையுமே வைக்காதீர்கள்.

அடுப்படிக்கு வெளியேயும் சில உண்டு. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கதவு, சன்னல், கம்பிகளில் உள்ள பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டு வண்ணங்களில் காரீயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு, தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு என்னவென்று சுரண்டுகிறவருக்கே தெரியாது. உலர்ந்த தூசி பறக்கவிடாமல் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். பளபளவென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தூள், வெளியூரிலிருந்து வரும் சுர்மா என்ற கண்மை, பிள்ளை நெற்றிக்கு இடும் செந்தூரம் ஆகியவற்றிலும் காரீயக் கலப்பு உலகின் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இவற்றில் எதையாவது வெகுநாள் புழங்கிய வீடு, பிள்ளைக்கும் ரத்தசோகை என்றால், குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்தச் சொம்பு

சுத்தமான வெள்ளீயம் என்றால் ரசத்துக்கு அதைவிட நல்ல பாத்திரம் எனக்குத் தெரியாது. கேள்வி, சுத்தமா என்பதுதான். காரீயம் விலை குறைவு. அதனால் வெள்ளீயத்தோடு அதைக் கலந்து சொம்பு வார்ப்பதும், பித்தளை அண்டாவுக்குப் பூசுவதும் நடக்கிற மோசடி. பூசி முடித்த பாத்திரத்தைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தார். குழி வெட்டிக் கரி போட்டுத் துருத்தியை மிதித்து, பித்தளைக் குண்டானைச் சூடேற்றினார். நவச்சாரத்தைத் தூவியதும் வெள்ளைப் புகை குப்பென்று எழுந்தது. ஈயக் குச்சியை எடுத்தபோது, "அதை முதல்ல கொஞ்சம் வளைச்சுக் காட்டுங்கண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே என் காதருகில் வைத்து வளைத்தார். கரகரவென்று நறநறக்கும் சத்தம். வெள்ளீயம் வளையும்போது அதன் உள்படிகங்கள் உராய்ந்து எழுப்பும் சத்தம் அது. காரீயம் சத்தமில்லாமல் வளையும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சத்தத்தை வைத்துப் பிடிக்க முடியாது என்றும் அவரிடமே சொன்னேன். "நமக்கு இதுதான் சோறு ஆச்சி, கலந்தா கை கூசும்" என்றார். ஈயக் கட்டி வாங்கிய ரசீதையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

தங்கை மகள் ஊருக்குப் புறப்படும்போது பிள்ளையின் டம்ளரைக் கவிழ்த்து, அடித்தட்டை நகத்தால் தட்டிப் பார்த்துப் பைக்குள் வைத்தாள். அவள் வீட்டு இண்டாலியக் குக்கருக்குப் பதில் எவர்சில்வரில் ஒன்று வாங்கிவிட்டதாகப் பொங்கலன்று போனில் சொன்னாள்.